‘டு’வுக்குப் பிறகு ‘மீட்’டா, ‘மீட்டிங்’கா?

கேள்வி இதுதான். நேர்முகத் தேர்வுக்கு அழைத்த ஒரு நிறுவனத்துக்குப் பதில் மெயில் எழுதியவர், கடைசி வரியாக ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்டு டு மீட் யூ’ என்று போட்டிருக்கிறார். அனுப்பி முடித்த பிறகு அறைத்தோழர் எட்டிப் பார்த்துவிட்டு, “மீட் இல்லடா, மீட்டிங்” என்றிருக்கிறார். ‘டு’ வந்தால் அடுத்து வினைச்சொல் எந்த வாலும் இல்லாமல் வர வேண்டும் என்றுதானே பள்ளியில் படித்தோம், ‘டு மீட்டிங்’ எப்படி வரும் என்பது இவர் சந்தேகம். இதற்கு நடுவில் இன்னொரு நண்பர், ‘டு’வே தப்பு, ‘லுக்கிங் ஃபார்வர்டு ஃபார்’ என்றுதான் எழுத வேண்டும் என்கிறாராம். யார் சொல்வது சரி? திருத்தி இன்னொரு மெயில் அனுப்பலாமா?

அறைத்தோழர் சொன்னதுதான் சரி. ‘லுக்கிங் ஃபார்வர்டு டு மீட்டிங் யூ.’ ‘ஃபார்’ போடச் சொன்னவர் சொல்வது தவறு. ஆனால் அவர் அப்படிச் சொல்வதற்கும் ஒரு காரணம் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

பள்ளியில் சொல்லிக் கொடுத்தது பொய்யில்லை, பாதி உண்மை. ஆங்கிலத்தில் ‘டு’ என்ற பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். எழுத்தும் ஒன்றே, உச்சரிப்பும் ஒன்றே. வேலைதான் வேறு. ‘ஐ வான்ட் டு மீட் யூ’ என்பதில் உள்ள ‘டு’வுக்குச் சொந்தப் பொருள் என்று எதுவும் கிடையாது. பின்னால் ஒரு வினை வருகிறது என்று காட்டுவதற்காக நட்டு வைத்த குச்சி அது. ‘ஐ வென்ட் டு மதுரை’ என்பதில் உள்ள ‘டு’ அப்படியல்ல. ‘மதுரைக்கு’ என்பதில் ‘கு’ செய்கிற வேலையை அது செய்கிறது. பிரிபொசிஷன் என்று சொல்வது இதைத்தான். ‘லுக் ஃபார்வர்டு டு’வில் நிற்பவர் இந்த இரண்டாவது ஆள்.

எந்த ‘டு’ எது என்று கண்டுபிடிக்க, அதன் பின்னால் வெறும் பெயர்ச்சொல் ஒன்றை வைத்துப் பாருங்கள். ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்டு டு பொங்கல்.’ நன்றாக உட்காருகிறது. ‘ஐ வான்ட் டு பொங்கல்.’ உட்காரவில்லை. பொங்கலைச் சாப்பிட வேண்டுமா, கொண்டாட வேண்டுமா, கிண்ட வேண்டுமா, ஏதாவது ஒரு வினை வந்தால்தான் அந்த வாக்கியத்துக்குக் கால் தரையில் படும். பெயர்ச்சொல்லைத் தாங்குகிற ‘டு’ என்றால் அது பிரிபொசிஷன். அதன் பின்னால் வினையை வைக்க வேண்டி வந்தால், அந்த வினையைப் பெயராக்கித்தான் வைக்க வேண்டும்.

இது ஏதோ வெள்ளைக்காரர் கண்டுபிடித்த புதுச் சட்டம் போலத் தோன்றலாம். நமக்கு இது பழைய பாடம். வேற்றுமை உருபு பெயரோடு சேரும், வினையோடு சேராது என்று தமிழ் வகுப்பில் படித்திருப்போம். மதுரையை, மதுரைக்கு, மதுரையில். சரி, ‘சந்திக்க’ என்ற சொல்லோடு ஓர் உருபைச் சேர்த்துப் பாருங்கள். ‘சந்திக்கவை’, ‘சந்திக்கவுக்கு’ என்று மூன்று வயதுக் குழந்தைகூடச் சொல்லாது. ‘சந்திக்க’ என்பது வினையெச்சம். உருபு அதன்மேல் ஏறாது. உருபை ஏற்ற வேண்டுமானால் முதலில் ‘சந்திப்பது’ என்றோ ‘சந்தித்தல்’ என்றோ ‘சந்திப்பு’ என்றோ தொழிற்பெயராக்க வேண்டும். அதற்குப் பிறகு சந்திப்பதை, சந்திப்பதற்கு, சந்திப்பதில் என்று எதை வேண்டுமானாலும் ஒட்டலாம். ஆங்கிலப் பிரிபொசிஷனும் இதே ரகம். நம் உருபு சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும், அவர்களுடையது முன்னால் தனியாக நிற்கும். அவ்வளவுதான் வித்தியாசம். பெயர் இல்லாமல் இரண்டுக்கும் பிழைப்பில்லை. வினையைப் பெயராக்க நம்மிடம் ‘-வது’, ‘-தல்’ எல்லாம் இருப்பதுபோல அவர்களிடம் ‘-இங்’ இருக்கிறது.

‘-இங்’கில் முடிவது பெயர் என்பதை நம்ப முடியாவிட்டால், நாம் பேசும் தமிழையே கவனியுங்கள். மீட்டிங் போட்டார்கள். பார்க்கிங் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் டைலரிங் கற்றுக்கொள்கிறாள். கேட்டில் வெல்டிங் விட்டுப்போச்சு. பையனின் கோச்சிங்குக்குப் பணம் கட்டியாயிற்று. நாம் கடன் வாங்கிப் புழங்கும் இந்த ‘-இங்’ சொற்கள் எல்லாமே பெயர்கள்தான். ‘மீட்டிங்குக்குப் போறேன்’ என்று உருபு ஏற்றியும் பேசுகிறோம். ‘மீட்டுக்குப் போறேன்’ என்று யாரும் சொல்வதில்லை. (கூகுள் மீட் வந்ததிலிருந்து அதையும் சொல்கிறார்கள், அது வேறு கதை.) ஆக ‘டு மீட்டிங்’ நம் காதுக்கு விநோதமாகப் பட வேண்டிய அவசியமே இல்லை.

பிறகு ஏன் தவறு வருகிறது? மனதுக்குள் ஓடுகிற தமிழ் வாக்கியம் வேறாக இருப்பதால். ‘உங்களைச் சந்திக்க ஆவலாக இருக்கிறேன்’ என்றுதான் நாம் நினைக்கிறோம். ‘சந்திக்க’ என்பதற்கு நேராக ‘டு மீட்’. ‘ஆவலாக இருக்கிறேன்’ என்பதற்கு நேராக ‘ஐ ஆம் ஈகர்’. ‘ஐ ஆம் ஈகர் டு மீட் யூ’ என்று அதை அப்படியே எழுதியிருந்தால் துளிக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ‘லுக்கிங் ஃபார்வர்டு டு’ என்பது கொஞ்சம் கம்பீரமாக, மெயிலுக்கு ஏற்றதாகத் தெரிகிறது. ‘ஈகர் டு’வைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் இதை வைக்கிறோம். ‘டு’ அப்படியே இருப்பதால் ஒன்றும் மாறவில்லை என்று தோன்றுகிறது. உண்மையில் ‘டு’வே ஆள் மாறிவிட்டது.

இதற்கு என் வைத்தியம், மனதில் ஓடும் தமிழை மாற்றுவது. ‘உங்களைச் சந்திப்பதை எதிர்நோக்குகிறேன்.’ வீட்டில் யாரும் இப்படிப் பேச மாட்டார்கள், அரசு அலுவலகக் கடித வாடை அடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரித்துப் பாருங்கள். எதிர் என்பது ஃபார்வர்டு. நோக்கு என்பது லுக். ‘ஐ’ உருபு நிற்கும் இடத்தில் டு. சந்திப்பது என்பது மீட்டிங். இரண்டு மொழிகளும் எங்கோ தனித்தனியாகப் பிறந்து, எதிர்காலத்தில் வரப்போவதை ‘முன்னால் பார்ப்பது’ என்று ஒரே படமாக வரைந்திருக்கின்றன. ஆங்கிலத் தொடர் ஒன்று தமிழோடு இப்படி எலும்புக்கு எலும்பு பொருந்துவது அபூர்வம். அது கிடைத்திருக்கும்போது விடுவானேன்?

காதும் கொஞ்சம் சதி செய்கிறது. ‘லுக்கிங்’ என்று ஒரு ‘-இங்’ போட்டாயிற்று, அடுத்த மூன்றாவது சொல்லில் ‘மீட்டிங்’ என்று இன்னொன்றா என்று கை தயங்கும். அந்த இரட்டை ஒலி பிடிக்காவிட்டால் ‘ஐ லுக் ஃபார்வர்டு டு மீட்டிங் யூ’ என்று எழுதுங்கள். அதுவும் சரியே. கொஞ்சம் விறைப்பானது, முன்பின் தெரியாதவருக்கு, மேலதிகாரிக்கு எழுதும்போது பொருந்தும். ‘ஐ ஆம் லுக்கிங்’ என்பதில் நெருக்கம் கூடுதல். ‘ஐ ஆம்’ இல்லாமல் ‘லுக்கிங் ஃபார்வர்டு டு மீட்டிங் யூ’ என்று மொட்டையாகத் தொடங்குவது இன்னும் இயல்பானது, தெரிந்தவர்களுக்குள் எழுதிக்கொள்வது.

இது நம் ஊர்க்காரர்களின் தனிச் சொத்தான பிழை என்று நினைத்துக் கூச்சப்படவும் வேண்டாம். ஸ்பானிஷ் மொழியிலும் பிரெஞ்சிலும் பிரிபொசிஷனுக்குப் பின்னால் வினையின் அடிப்படை வடிவமே வரலாம். அந்த மொழிக்காரர்கள் ஆங்கிலம் கற்கும்போது இதே குழியில்தான் விழுகிறார்கள்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. அவசரமானவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம். நான் இரண்டு ஆட்கள் என்று சொன்ன அந்த ‘டு’க்கள் ஒரு காலத்தில் ஒரே ஆள்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் வினையின் அடிப்படை வடிவத்துக்கு ‘அன்’ என்று ஒரு விகுதி இருந்தது. அதற்கு முன்னால் ‘டு’ வந்தால் விகுதி ‘அன்னெ’, ‘என்னெ’ என்று மாறும். அது நம் நான்காம் வேற்றுமை போன்ற ஒரு வடிவம் என்பது மரபான விளக்கம். அதாவது ‘சாப்பிடுவதற்கு வந்தான்’ என்று நாம் சொல்வதன் அச்சு அசல் அமைப்பு அது: தொழிற்பெயர், அதோடு ‘கு’. பின் நூற்றாண்டுகளில் விகுதிகள் தேய்ந்து உதிர்ந்தன. ‘டு’ மட்டும் வேர் மறந்த குச்சியாக வினைக்கு முன்னால் நின்றுவிட்டது. ‘-இங்’கின் கதையும் இதே போலத்தான். பெயரை உண்டாக்கும் ‘-உங்’, ‘-இங்’ ஒருபுறம், ‘செய்துகொண்டிருக்கிற’ என்ற பொருள் தரும் ‘-எண்டெ’ மறுபுறம் என்று தனித்தனியாக இருந்தவை, இடைக்கால ஆங்கிலத்தில் ஒரே ‘-இங்’காகக் குழைந்துவிட்டன. ‘லுக்கிங் ஃபார்வர்டு டு மீட்டிங்’ என்பதில் முதல் ‘-இங்’ ‘-எண்டெ’ வழி வந்தது, இரண்டாவது ‘-உங்’ வழி வந்தது. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள், பெற்றவர்கள் வேறு.

இந்தப் பழைய உறவால் இன்றும் எல்லைக்கோடு சில இடங்களில் கலங்கித்தான் கிடக்கிறது. நான் சொன்ன பொங்கல் சோதனை எல்லா வினைக்கும் பலிக்காது. ‘அக்ரீ டு’வை எடுங்கள். ‘ஷி அக்ரீடு டு த பிளான்’ என்று பெயரை வைக்கலாம். சோதனைப்படி பார்த்தால் அடுத்து ‘அக்ரீடு டு கோயிங்’ வர வேண்டும். ஆனால் ‘போகச் சம்மதித்தாள்’ என்பதற்கு எல்லோரும் எழுதுவது ‘அக்ரீடு டு கோ’. நாமும் ‘போகச் சம்மதித்தாள்’, ‘போவதற்குச் சம்மதித்தாள்’ என்று இரண்டும் சொல்கிறோம் அல்லவா? அதே குழப்பம். இன்னொரு உதாரணம் ‘அக்கஸ்டம்டு டு’. 18, 19ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் அதன் பின்னால் வெறும் வினை வருவது சாதாரணம். இன்று ‘-இங்’தான். எனவே தாத்தா காலத்துப் புத்தகத்தில் ‘அக்கஸ்டம்டு டு டூ’ என்று பார்த்தால் அச்சுப்பிழை என்று பேனாவை எடுக்க வேண்டாம். சோதனை வழிகாட்டும், தீர்ப்பு எழுதாது. ‘லுக் ஃபார்வர்டு டு’ விஷயத்தில் மட்டும் இன்றைய வழக்கில் எந்தக் கலக்கமும் இல்லை. ‘-இங்’ அல்லது பெயர்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில தொடர்களையும் சேர்த்தே மனதில் போட்டுக்கொள்வது நல்லது. ஆட்சேபிப்பது ‘அப்ஜெக்ட் டு’: ‘ஹி அப்ஜெக்டட் டு பேயிங் எக்ஸ்ட்ரா’, கூடுதலாகக் கொடுப்பதற்கு ஆட்சேபித்தார். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ஒன்றைக் கடைசியில் செய்வது ‘கெட் ரவுண்டு டு’: அந்த விண்ணப்பத்தை நிரப்ப நேரமே வாய்க்கவில்லை என்பதற்கு ‘ஐ நெவர் காட் ரவுண்டு டு ஃபில்லிங் இட் இன்’. குற்றத்தை ஒப்புக்கொள்வது ‘கன்ஃபெஸ் டு’. அலுவலகத் தாள்களில் நெளியும் ‘வித் எ வியூ டு’. எல்லாவற்றின் பின்னாலும் ‘-இங்’. தமிழில் இவற்றைச் சொல்லிப் பார்த்தால் பெரும்பாலும் ‘-வதற்கு’, ‘-வதை’ என்று வாய் தானாகப் போகும். அந்த ‘-வது’ தலை காட்டினால் உஷாராகிவிடுங்கள்.

‘யூஸ்டு டு’வை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அது நம் ஆட்களை ‘லுக் ஃபார்வர்டு டு’வைவிட அதிகமாக ஏமாற்றுகிறது. ‘ஐ யூஸ்டு டு கெட் அப் அட் ஃபைவ்’ என்றால், ஒரு காலத்தில் காலை 5 மணிக்கு எழுந்துகொண்டிருந்தேன், இப்போது இல்லை. ‘ஐ ஆம் யூஸ்டு டு கெட்டிங் அப் அட் ஃபைவ்’ என்றால், 5 மணிக்கு எழுவது எனக்குப் பழகிப்போனது, அதில் சிரமமில்லை. நடுவில் ஒரு ‘ஆம்’, கடைசியில் ஒரு ‘-இங்’, பொருள் தலைகீழ். நம் ஊரில் ‘ஐ யூஸ்டு டு கோ டு டெம்பிள் எவ்ரி ஃப்ரைடே’ என்று, இன்றும் வெள்ளிதோறும் கோயிலுக்குப் போகிறவர்கள் சொல்கிறார்கள். ‘போவது வழக்கம்’ என்பதன் மொழிபெயர்ப்பு அது. கேட்கிற ஆங்கிலேயருக்கோ, பாவம், இவருக்குச் சாமி நம்பிக்கை போய்விட்டது போலிருக்கிறது என்று தோன்றும். ‘ஐ கோ டு த டெம்பிள் எவ்ரி ஃப்ரைடே’ போதும். கத்தி காய் வெட்டப் பயன்படுகிறது என்பதில் வரும் ‘இஸ் யூஸ்டு டு கட்’ மூன்றாவது ஆள். அங்கே வினை வெறுமையாகவே வரும். பேச்சில் அந்த ‘யூஸ்டு’வின் நடு ஒலி அதிரும், முதல் இரண்டில் அதிராது. தமிழ் எழுத்தில் அந்த வித்தியாசத்தை எழுதிக் காட்ட எனக்கு வழியில்லை.

இனி, இலக்கணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம். ‘-இங்’ தவறினால் யாரும் உங்களைத் தப்பாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள். பொருளில் தவறினால் தப்பாகத்தான் புரிந்துகொள்வார்கள்.

எதிர்பார்ப்பது என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் மூன்று நான்கு காரியங்களைச் செய்கிறோம். நாளை மழையை எதிர்பார்க்கிறோம். தம்பியின் வருகையை எதிர்பார்க்கிறோம். மருமகனிடம் கொஞ்சம் மரியாதையை எதிர்பார்க்கிறோம். வங்கியிலிருந்து பதிலை எதிர்பார்க்கிறோம். மழை வரும் என்பது ஒரு கணிப்பு. ஆசையும் இல்லை, வெறுப்பும் இல்லை. ஆங்கிலத்தில் அது ‘எக்ஸ்பெக்ட்’. மருமகனிடம் கேட்பது உரிமை, கிட்டத்தட்ட ஓர் உத்தரவு, அதுவும் ‘எக்ஸ்பெக்ட்’. தம்பி வருவதில் மட்டும்தான் மனம் குதிக்கிறது. அந்தக் குதிப்புக்குத்தான் ‘லுக் ஃபார்வர்டு டு’. வரப்போவதை நினைத்து இப்போதே மகிழ்வது என்பது அதன் பொருளுக்குள்ளேயே இருக்கிறது.

அதனால்தான் ‘எக்ஸ்பெக்டிங் யுவர் ஏர்லி ரிப்ளை’ என்று மெயிலை முடிப்பது கொஞ்சம் கடுமையாக விழுகிறது. ‘தங்கள் பதிலை எதிர்பார்க்கும்’ என்று பணிவாகத்தான் நாம் நினைத்து எழுதுகிறோம். வாசிப்பவருக்கு ‘சீக்கிரம் பதில் போடு, காத்திருக்கிறேன்’ என்று மேசையைத் தட்டுவதுபோல் கேட்கும். ‘லுக்கிங் ஃபார்வர்டு டு யுவர் ரிப்ளை’ என்றால் அந்த அதட்டல் போய்விடும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: நாளைக்கு ஆட்குறைப்பு அறிவிப்பு வரும் என்று ‘எக்ஸ்பெக்ட்’ செய்யலாம், அதை ‘லுக் ஃபார்வர்டு’ செய்ய முடியாது. செய்தால், உங்கள் இருக்கை பத்திரமாக இருக்கிறது, பக்கத்து இருக்கைக்காரர்மேல் உங்களுக்குப் பழைய பகை இருக்கிறது என்று அர்த்தம்.

எதிர்மறையாக்கும்போது வலை இன்னும் இறுகுகிறது. ‘ஐ ஆம் நாட் லுக்கிங் ஃபார்வர்டு டு த எக்ஸாம்’ என்பதைப் ‘பரீட்சையை எதிர்பார்க்கவில்லை’ என்று மொழிபெயர்த்தால் முழுத் தவறு. எதிர்பார்க்கவில்லை என்றால் பரீட்சை வரும் என்றே தெரியாது. ஆங்கில வாக்கியம் சொல்வது அதுவல்ல. தேதி தெரியும், பாடத்திட்டம் தெரியும், நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. பல் பிடுங்கப் போவது, மாமியார் ஒரு மாதம் வந்து தங்கப்போவது, சம்பள உயர்வு கேட்டு முதலாளி அறைக்குள் நுழைவது, இதற்கெல்லாம் அந்த ‘நாட் லுக்கிங் ஃபார்வர்டு டு’ அளவாகப் பொருந்தும். புலம்பாமல் புலம்புகிற ஒரு நாசூக்கு அதில் இருக்கிறது.

‘எதிர்நோக்கு’ என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மேலே அதைத்தான் மருந்தாகச் சொன்னேன், எனவே எச்சரிக்கையையும் நானே சொல்லிவிட வேண்டும். செய்தித்தாள் தமிழில், குறிப்பாக இலங்கைப் பத்திரிகைகளில், ‘மீனவர்கள் எதிர்நோக்கும் பிரச்சினைகள்’, ‘நாடு எதிர்நோக்கும் நெருக்கடி’ என்ற தொடர்களை நிறையப் பார்க்கலாம். அங்கே எதிர்நோக்குவது என்றால் முகத்துக்கு நேராகச் சந்திப்பது. ஆங்கிலத்தில் ‘ஃபேஸ்’. அந்தப் பிரச்சினைகளை மீனவர்கள் ‘லுக் ஃபார்வர்டு டு’ செய்வதாக எழுதினால், வலை அறுவதற்காக அவர்கள் ஆசையோடு காத்திருப்பதாக ஆகிவிடும். வாக்கியத்தின் எலும்பைப் பார்க்க மட்டும் ‘எதிர்நோக்கு’. பொருளுக்கு ‘ஆவலோடு காத்திருக்கிறேன்’.

‘ஃபார்’ என்ற நண்பருக்கு வருவோம். அவர் மனதில் இருப்பது அநேகமாக அந்த ‘காத்திருக்கிறேன்’தான். பதிலுக்காகக் காத்திருக்கிறேன். ‘-க்காக’ என்பதற்கு ‘ஃபார்’, ‘வெயிட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை’. அது சரியான வாக்கியம். ‘ஹோப்பிங் ஃபார்’ என்பதும் சரி. இவற்றின் ‘ஃபார்’ வழுக்கிக்கொண்டு வந்து ‘லுக்கிங் ஃபார்வர்டு’க்குப் பின்னால் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. போதாக்குறைக்கு ‘ஃபார்வர்டு’ என்ற சொல்லே ‘ஃபார்’ என்றுதான் தொடங்குகிறது. ‘அவெய்ட்’ இன்னொரு வினை. அதற்கு எந்தப் பிரிபொசிஷனும் வேண்டாம், ‘அவெய்ட்டிங் யுவர் ரிப்ளை’. அதோடு ‘ஃபார்’ சேர்ப்பவர்களும் உண்டு.

‘டு’வை அடியோடு விழுங்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ‘லுக்கிங் ஃபார்வர்டு யுவர் ரிப்ளை.’ இது பெரும்பாலும் அவசரம். ஆனால் இன்னொரு இடத்தில் ‘டு’ விழுவதற்குக் காரணம் அவசரமல்ல, தமிழ். ‘நான் ஆவலோடு எதிர்பார்த்த நாள் இதுதான்’ என்று ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், ‘திஸ் இஸ் த டே ஐ வாஸ் லுக்கிங் ஃபார்வர்டு’ என்று நிறுத்துவார்கள். ‘நாளை எதிர்பார்த்தேன்’ (நாள் + ஐ) என்பதில் ‘ஐ’ உருபு இருக்கிறது. எதிர்பார்த்த நாள் என்று பெயரெச்சமாக்கியதும் அந்த ‘ஐ’ மறைந்துவிடுகிறது. ஊருக்குப் போனேன், போன ஊர். கத்தியால் வெட்டினேன், வெட்டிய கத்தி. நாற்காலியில் உட்கார்ந்தேன், உட்கார்ந்த நாற்காலி. எந்த உருபாக இருந்தாலும் தமிழ் அதைச் சத்தமில்லாமல் கழற்றி வைத்துவிடும். ஆங்கிலம் கழற்றாது. வாக்கியத்தின் வாலில் அநாதைபோல் நின்றாலும் பரவாயில்லை என்று விட்டுவைக்கும்: ‘த டே ஐ வாஸ் லுக்கிங் ஃபார்வர்டு டு’, ‘த நைஃப் ஐ கட் இட் வித்’, ‘த சேர் ஐ சாட் ஆன்’. கேள்வியிலும் அப்படியே: ‘வாட் ஆர் யூ லுக்கிங் ஃபார்வர்டு டு?’ வாக்கியம் பிரிபொசிஷனில் முடியக்கூடாது என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். ‘டு’வை முன்னால் தூக்கி ‘டு வாட் ஆர் யூ லுக்கிங் ஃபார்வர்டு?’ என்று அவர்கள் மாற்றிக் காட்டலாம், ஆனால் இயல்பான பேச்சில் அப்படி யாரும் கேட்பதில்லை.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. ‘ரொம்ப’ என்பதற்காக ‘ஐ ஆம் வெரி லுக்கிங் ஃபார்வர்டு’ என்று எழுதாதீர்கள். ‘ரியலி லுக்கிங் ஃபார்வர்டு’ என்றோ, ‘லுக்கிங் ஃபார்வர்டு வெரி மச் டு’ என்றோ எழுதுங்கள். வேறொருவர் செய்யப்போவதைச் சொல்ல ‘லுக்கிங் ஃபார்வர்டு டு யுவர் கமிங்’ என்பது பழைய கண்டிப்பு, ‘டு யூ கமிங்’ என்பது இன்றைய பேச்சு. இரண்டும் பிடிக்காவிட்டால் ‘டு யுவர் விசிட்’. ‘ஹியரிங் ஃப்ரம் யூ’வில் ‘ஃப்ரம்’ விழக்கூடாது. விழுந்தால் உங்கள் தகவலுக்காக அல்ல, உங்கள் குரலுக்காக ஏங்குகிறேன் என்றாகிவிடும். காதல் கடிதத்தில் அது செல்லும், கொட்டேஷன் கேட்டு எழுதிய கடிதத்தில் செல்லாது. கடந்துபோனதைத் திரும்பிப் பார்ப்பது ‘லுக் பேக் ஆன்’. அங்கே ‘டு’ இல்லை, ‘ஆன்’.

‘-இங்’கா இல்லையா என்று கடைசி நொடியில் சந்தேகம் வந்தால், வினையே இல்லாமல் தப்பிக்கிற வழி எப்போதும் திறந்திருக்கிறது. ‘மீட்டிங் யூ’வுக்குப் பதில் ‘டு அவர் மீட்டிங் ஆன் மண்டே’. ‘ஹியரிங் ஃப்ரம் யூ’வுக்குப் பதில் ‘டு யுவர் ரிப்ளை’. பெயர்ச்சொல்லில் தவறு செய்ய இடமே இல்லை. இத்தனை ஆண்டுகள் அடுத்தவர் எழுதிய கடிதங்களைத் திருத்திய பிறகும், தூக்கக் கலக்கத்தில் எழுதும்போது நான் இந்தப் பக்கவாசல் வழியாகத்தான் போகிறேன்.

திருத்தி இன்னொரு மெயில் அனுப்ப வேண்டாம். ‘மீட்’ என்று இருந்ததை வாசித்தவர் கவனித்திருக்கவே மாட்டார். கவனித்திருந்தாலும் நாள் முழுக்க அதே வரியைப் பல மெயில்களில் பார்த்துச் சலித்தவராக இருப்பார். நீங்கள் திருத்தம் அனுப்பினால்தான் பழைய மெயிலைத் திறந்து தவறு எங்கே என்று தேடுவார். நேர்முகம் முடிந்து வந்ததும் நன்றி சொல்லி ஒரு வரி அனுப்புவீர்கள் அல்லவா, அதில் ‘லுக்கிங் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃப்ரம் யூ’ என்று சரியாக எழுதிவிடுங்கள். வேலை எழுத்து சம்பந்தப்பட்டது என்றால், மொழிபெயர்ப்பு, விளம்பர வாசகம், வாடிக்கையாளர் கடிதம் இப்படி ஏதாவது, நேர்முகத்தில் அவர்களாகக் கேட்டால் மட்டும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்ளுங்கள்.